ஓயாத செவிநாதம்

செக் நாட்டு இசைமேதை பெத்ருஷிக் ஸ்மெதனா 1876-ல் இயற்றிய ‘என் வாழ்க்கையிலிருந்து’ என்னும் நால்வர் வாத்திய இசையைக் கேட்டவர்கள், அதன் இறுதிப் பகுதியில் குதூகலமான நடன கதியில் ஓடிக்கொண்டிருக்கும் இசை சட்டென்று நின்றுபோக, மற்ற வாத்தியங்கள் அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, முதல் வயலின் மட்டும் மிக உச்சத்தில் ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும் அந்த இடத்தை மறந்திருக்கமாட்டார்கள். 1874-ல் இரு செவிகளும் அடைத்துப்போன காலத்தில் தம் காதுக்குள் கூவிக்கொண்டிருந்த ஒலியையே அங்கே எழுதி வைத்ததாக அவரே ஒரு நண்பருக்குக் கடிதத்தில் தெரிவித்திருக்கிறார். ‘எனது தாயகம்’ என்ற மகத்தான இசைத்தொகுதியை அவர் முழுமையாக்கியதும் செவிப்புலன் அற்றுப்போன பிறகுதான். எனினும் வெளியுலகின் ஓசைகளெல்லாம் அடங்கிய பின்னும் உள்ளே எழுந்த ஓசை அடங்காமல் அவரை வாட்டிற்று.

இந்த உள்ளோசை எப்படி எழுகிறது? உட்காதில் நத்தைக் கூட்டின் வடிவில் இருக்கும் உறுப்பினுள்ளே, ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. பேரிரைச்சலாலோ, மூப்பினாலோ, சில மருந்துகளாலோ இவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய சமிக்ஞை குறைந்துபோக, மூளை தன் கேட்கும் கூர்மையைத் தானாகவே உயர்த்திக்கொள்வதன் விளைவாக இல்லாத ஒலி இருப்பதுபோல் கேட்கிறது என்பது இன்று விஞ்ஞானிகள் பலர் ஏற்கும் விளக்கம். நம் நாட்டு வைத்திய நூல்களில் இந்த உபாதைக்குக் கர்ணநாதம் என்று பெயர். பேரிகை, மிருதங்கம், சங்கு ஆகியவற்றின் முழக்கம்போல் கேட்கும் என்று மாதவ நிதானம் இதன் லட்சணத்தைக் கூறுகிறது.

இலேசான செவியிரைச்சல் யாருக்கும் வரக்கூடியதே. ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், செவிக்குறை இல்லாத 80 பேரை ஓசை புகாத அறையில் அமர்த்திப் பார்த்து 1953-ல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 94 சதவிகிதத்தினர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். ஆகவேதான் கடுமையாக அவதிப்படுகிறவரிடம், “எல்லாருக்கும்தான் ஙொய்யென்கிறது, கவனிக்காமல் இருந்துவிடுங்கள்” என்று ஆறுதல் சொல்வது எளிதாகிவிடுகிறது. அந்த ஆறுதலைக் காட்டிலும் அவரைத் தனிமைப்படுத்துவது வேறொன்றும் இல்லை. படுக்கையில் தலை சாய்த்து, விளக்கை அணைத்து, வீட்டில் மற்றவர்கள் உறங்கிவிட்ட பின்பு, பகலின் சந்தடியில் ஓரளவு மறைந்திருந்த அந்தக் கூவல் தலை முழுவதும் நிறைந்துவிடுகிறது. மின்விசிறியின் சத்தமாவது துணையிருக்கட்டும் என்று மார்கழிக் குளிரிலும் அதைச் சுழலவிட்டுப் படுப்பவர்கள் உண்டு. நித்திரை கெட்ட மறுநாள், கணக்கெழுதுகிறவர் கூட்டிய வரியையே திரும்பவும் கூட்டுகிறார். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்துக்குப் போக அஞ்சிக் கல்யாணம் காட்சிகளைத் தவிர்க்கிறார். வீட்டாரோ, வரவர எரிந்து விழுகிறார் என்று மட்டும் காண்கிறார்கள்.

இதில் மிக வேதனையான விஷயம், அந்த ஒலியைக் கருவியால் வேறோர் ஒலியோடு ஒப்பிட்டு அளந்தால், பெரும்பாலும் அவர் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஓசைக்கு மேல் சில டெசிபல்களே தேறும் என்பது. ஒலியின் அளவு அற்பம். அது தரும் துன்பமோ அந்த அளவுக்குக் கட்டுப்படுவதில்லை. இதை உணர்ந்துதான் 1996-ல் அமெரிக்க நிபுணர்கள் 25 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தார்கள். தூக்கம், கவனம், வேலை, உறவு, இதிலிருந்து தப்பவே முடியாது என்ற ஏக்கம் ஆகியவற்றை அது விசாரிக்கிறது. ‘ஆம்’ என்பதற்கு 4, ‘சில சமயம்’ என்பதற்கு 2. மொத்தம் நூறில் 78 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிகடுமை என்று கொள்கிறார்கள். இங்கே சாட்சி சொல்பவர் நோயாளி ஒருவரே.

அந்தச் சாட்சியம் செல்லுமா என்பதே சட்டத்தின் முன்னுள்ள கேள்வி. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் நீதிமன்றம், காதில் இரைச்சல் கேட்கிறது என்பதைச் சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை, அனுபவிக்கிறவரின் வாக்குமூலமே தகுந்த சாட்சியம் என்று 2002-ல் ஏற்றுக்கொண்டது. அங்கே படைவீரர்கள் ஈட்டுத்தொகை பெறும் இயலாமைகளில் இதுவே மிக அதிகமானது. ஆயினும் ஒரு காதானாலும் இரு காதானாலும் 10 சதவிகிதத்துக்கு மேல் மதிப்பிடுவதில்லை. வேலையே செய்யமுடியாமல் ஒடுங்கிப்போனவருக்கும், அவ்வப்போது மட்டும் தொல்லைப்படுகிறவருக்கும் இந்த மதிப்பு ஒன்றேயாக இருப்பது நியாயமென்று எனக்குத் தோன்றவில்லை.

நமது 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, நெடுநாள் நீடிக்கும் புலன் குறைபாட்டால் சமுதாயத்தில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குகொள்ள முடியாமல் தடைப்படுகிறவர் எவரும் மாற்றுத்திறனாளியே என்று விசாலமாகத் தொடங்குகிறது. ஆனால் அதன் அட்டவணைக்கு வந்தால், செவிப்புலனைப் பொறுத்தவரை கேட்கப்படுவது ஒன்றே: இரு காதுகளிலும் 60 டெசிபலாவது இழந்திருக்கிறாரா? இழந்ததைக் கணக்கிடும் அந்த அட்டவணையில், வேண்டாத ஒலி இடைவிடாமல் வந்து சேர்ந்ததைக் கணக்கிட இடமே இல்லை. செவிப்புலன் சோதனையில் குறையேதும் காணப்படாத ஒருவர், பல வருஷங்களாகச் சரியான தூக்கமில்லாதிருந்தாலும், செவியிரைச்சலைக் காரணமாகக் காட்டிச் சான்றிதழ் கேட்க வழியில்லை. மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதே அட்டவணை ஓர் இடத்தில் அனுமதிக்கிறது. அந்த 25 கேள்விகளைப் போன்றதொரு விசாரணையை மருத்துவக் குழுவின் படிவத்தில் சேர்த்து, கடுமையான செவியிரைச்சலை அந்த இடத்தில் அறிவிப்பதற்குப் பாராளுமன்றம் புதிதாக ஒரு சட்டம் இயற்றவேண்டிய அவசியமில்லை.

(தொடரும்)