உங்களுக்குத் தெரியுமா? ஆயிலையும் எரித்து ஓடும் இன்ஜின்!

ஜப்பானின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (1978–2002) ஸ்போர்ட்ஸ் காரில் பிஸ்டன் கிடையாது. இரண்டு முக்கோண ரோட்டர்கள்தான் சுழல்கின்றன. அவற்றின் முனைகளில் உள்ள சீல்கள் தேயாதிருக்க, ஒரு சிறிய பம்ப் இன்ஜின் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தும். அது பெட்ரோலோடு எரிந்துவிடும். ஆகவே ஆயில் மெல்லக் குறைவது இயல்பு. அடிக்கடி அளவு பார்ப்பது அவசியம்.

இந்த ஆயிலைக் கொண்டுசெல்லும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் பல ஆண்டுச் சூட்டில் காய்ந்து, கை பட்டாலே அப்பளம்போல் நொறுங்கும். குழாய் விரிசல் விட்டால் ஆயில் கசியும். சீல் வறண்டு தேயும்.

இந்தக் குழாய்களை மாற்றும்போது: எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். குழாய் இணைப்புகளில் உள்ள வாஷர்களும் புதிதாக இருக்கட்டும். குழாய்களில் ஆயில் நிரப்பிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் கொஞ்சம் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பது சீல்களுக்குக் கூடுதல் காப்பு.