முதல் சோதனை முடிவாகாது

தோட்டத்துக்குப் பக்கத்துப் பள்ளி மண்டபத்தில் இரத்ததானம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை முடிந்து வந்த ஓர் இளைஞர் மற்றவர்களோடு சேர்ந்து இரத்தம் கொடுக்கிறார். சில நாட்கள் சென்று அவரை நேரில் வரச் சொல்லி அழைப்பு வருகிறது. போகிறார். "எச்.ஐ.வி. சோதனையில் உங்கள் இரத்தம் 'ரியாக்டிவ்' என்று காட்டுகிறது. உறுதி செய்ய மறுபடியும் இரத்தம் எடுக்க வேண்டும்" என்கிறார்கள். முதல் வாக்கியம்தான் அவர் காதில் விழுகிறது. வீடு திரும்புகிறார். சோறு இறங்கவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, மறுசோதனைக்கும் போகவில்லை.

இரத்தம் கொடுத்ததில் தவறில்லை. பாதி வழியில் நின்றுவிட்டாரே, அதுதான் தவறு. அது ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

எச்.ஐ.வி. என்பது எய்ட்ஸ் நோய்க்குக் காரணமான கிருமி. அது உடம்புக்குள் புகுந்தால், அதை எதிர்க்க உடம்பு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. முதல் சோதனை அந்த எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இக்காலச் சோதனைகள் பல, கிருமியின் புரதம் ஒன்றையும் சேர்த்துத் தேடுகின்றன. கிருமி உள்ள ஒருவரைக்கூட விட்டுவிடக் கூடாது என்பதற்காக இச்சோதனையை மிக நுட்பமாக அமைத்திருக்கிறார்கள். அதனாலேயே, வேறு நோய் ஒன்றினாலோ அண்மையில் போட்ட தடுப்பூசியினாலோ உண்டான பொருளைப் பார்த்தும் சில வேளை அது "ரியாக்டிவ்" என்று காட்டிவிடும்.

பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்டோரில் பாலுக்குள் மெட்ரோலாக் என்னும் மிதவையை விட்டுப் பார்ப்பார்கள். அது சட்டென்று ஒரு மதிப்பீட்டைக் காட்டும். சரியான கணக்கு வேண்டுமானால், கொஞ்சம் பாலை எடுத்து, திராவகம் விட்டு உறைய வைத்து, காய வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். முதல் சோதனை மிதவையைப் போன்றது. உறுதிச் சோதனை நிறுத்துப் பார்ப்பதைப் போன்றது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 2 பேருக்குத்தான் உண்மையில் கிருமி இருக்கிறது. சோதனையோ கிருமி இல்லாதவர்களில் 200 பேருக்கு ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது. அப்படியானால் மற்ற 998 பேரில் ஏறக்குறைய 5 பேருக்கு வீணாக "ரியாக்டிவ்" என்று வரும். ஆக, கலங்கி நிற்கும் 7 பேரில் 5 பேருக்குக் கிருமியே இல்லை! இவர்களைப் பிரித்துக் காட்டுவதே உறுதிச் சோதனையின் வேலை.

இந்த விதியை டாக்டர்களும் கடைப்பிடித்திருக்கிறார்கள். 1986ஆம் ஆண்டு. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி கண்டறியப்பட்டதும் அந்த ஆண்டில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் எலிசா என்னும் சோதனை செய்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதாக அதுவரை யாரும் கண்டதில்லை. அந்த மஞ்சள் நிறத்தோடு அவர்கள் நிறுத்திவிடவில்லை. மீண்டும் இரத்தம் எடுத்து, அமெரிக்காவுக்கு அனுப்பி, வெஸ்டர்ன் பிளாட் என்னும் வேறொரு சோதனையால் உறுதி செய்துகொண்டார்கள். அதன் பிறகே செய்தி சட்டமன்றத்துக்குப் போனது.

இன்று இரத்தத்தைக் கடல் கடந்து அனுப்ப வேண்டியதில்லை. உறுதிச் சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. அரசாங்க கிளினிக்கில் கேட்டால் வழி சொல்வார்கள். பெட்டாலிங் ஜெயாவை ஒட்டியுள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் பெரியாஸ்பத்திரி போன்ற இடங்களும் உள்ளன. வெஸ்டர்ன் பிளாட்டை இனி நம்பியிருக்க வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. ஒன்றுக்கொன்று வேறான மூன்று சோதனைகளும் அடுத்தடுத்து "ரியாக்டிவ்" என்று காட்டினால்தான் கிருமி உண்டு என்று சொல்ல வேண்டும் என்பது அதன் பரிந்துரை. சோதனைகள் ஒத்துப்போகாவிட்டால், 14 நாட்கள் கழித்து மீண்டும் பார்ப்பார்கள். பெயர்ச்சீட்டு மாறிப்போவதும் உண்டாதலால், மருந்து தொடங்குமுன் புதிதாக இரத்தம் எடுத்துச் சரிபார்ப்பதும் முறையே.

முடிவு வரும்வரை என்ன செய்வது? இரத்தம் கொடுக்காதீர்கள். ஊசியைப் பகிராதீர்கள். தாம்பத்திய உறவில் ஆணுறை அணியுங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ இக்கிருமி பரவாது. கர்ப்பிணிப் பெண்ணாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனக்குக் கிருமி இருக்கிறதா என்று அறிவதற்காக யாரும் இரத்ததானத்துக்குப் போகக் கூடாது. கிருமி தொற்றிய முதல் சில வாரங்களில் எந்தச் சோதனையும் அதைக் காட்டாமல் போகலாம். அந்த இரத்தம் வேறொருவர் உடம்பில் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போவதே சரி.

உறுதிச் சோதனையும் "உண்டு" என்றே சொன்னால்? அப்போதும் உலகம் முடிந்துவிடவில்லை. இக்கிருமியை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் பொதுப் பயனுக்கு வரவில்லை. ஆனால் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கிவிடும். இரத்தத்தில் அது தென்படாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உறவின் மூலம் துணைக்குப் பரவாது. அவரும் மற்றவர்களைப் போல் உழைத்து நெடுநாள் வாழலாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. கர்ப்பிணிகள் சோதனைக்கு வந்ததாலும், உரிய மருந்து கிடைத்ததாலும் கிட்டிய பலன் அது.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படி ஒரு செய்தியோடு வாசலில் வந்து நின்றால், எப்படி வந்தது, யாரால் வந்தது என்று விசாரணை வேண்டாம். "மறுசோதனைக்கு என்றைக்கு வரச் சொன்னார்கள்? நானும் கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவரை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.