பேய்க்கும் ஒரு பிளாக் கூழ்

தீவகத்து அடுக்களை: 9

சென்ற இதழில் கருவாட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்த கனடா வாசகி ஒருவர், ஒக்டோபர் 31 ஆந் திகதி வருகின்ற ஹலோவீன் இரவுக்கு, தம் பிள்ளைகளும் அவர்களுடைய தோழர்களும் அஞ்சுவது போல அஞ்சிச் சிரித்துக்கொண்டு உண்ணத்தக்கதாய், இனிப்புச் சேராததாய், அதிக சிரமம் தராததாய் ஏதேனும் ஒரு பதார்த்தம் நம் தீவுப்பகுதிச் சமையலில் உண்டா என்று வினவியிருக்கிறார். அந்நாட்டார் சொசேஜை மாவுப் பட்டைகளாற் சுற்றி, சீலையிற் பொதிந்த பிணம்போலாக்கி, கடுகைக் கண்ணாகப் பதித்துப் பரிமாறுவது வழக்கமாம். அதைக் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது, நண்டுக்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, செந்நிறமாய்க் குமிழியிட்டுக் கொதிக்கும் நமது ஒடியற்கூழ்ப் பானையேயாகும்.

முதலில் அந்தப் பண்டிகையின் பூர்வீகத்தைச் சிறிது நோக்குவோம். அறுவடை முடிந்து குளிர்காலம் புகும் சந்தியில், மாண்டவர் வாழ்வோரிடம் வந்துபோவர் என்று நம்பிய கெல்திய மக்களின் விழாவும், நவம்பர் முதலாந் திகதியைச் சகல புனிதருக்கும் அடுத்த நாளை மரித்த ஆன்மாக்களுக்கும் உரியதாக வகுத்த திருச்சபையின் ஒழுங்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து வளர்ந்ததே ஹலோவீன். இங்கிலாந்தில் அந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகச் சொல்லிச் சிறு பணியாரங்களைப் பெற்று உண்டனர். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து முகம் செதுக்கிய கைகள், அமெரிக்காவுக்குப் போன பிறகு பூசணிக்காயைக் குடையத் தொடங்கின. இன்று வேடமிட்டுக் கதவைத் தட்டும் குழந்தையின் கைப்பையில் விழுவது மிட்டாயாயினும், இறந்தவரின் பெயரால் இருப்பவருக்கு ஊட்டுதல் என்னும் பழைய கிருத்தியத்தின் மிச்சம் அதில் இருக்கவே செய்கிறது.

நம் பக்கத்தில் இதற்கு இணையான சம்பிரதாயங்கள் இல்லையா? ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வாழும் கத்தோலிக்கர் நவம்பர் 2 ஆந் திகதி சேமக்காலைக்குச் சென்று கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவர். சைவரிடையே, மரணம் நிகழ்ந்த வீட்டில் நடைபெறும் எட்டுச் செலவன்று, இறந்தவர் விரும்பி உண்ட மீனும் இறைச்சியும் உறைப்பாகச் சமைக்கப்பெற்றுப் படைக்கப்படும். பொரித்த பண்டத்தையோ இறைச்சிக் கறியையோ இரவில் அயல்வீட்டுக்குக் கொடுத்தனுப்பும்போது, அதன் வாசனையை நுகர்ந்து ஏதாவது பின்தொடர்ந்து வந்துவிடுமென்று ஒரு கரித்துண்டையோ இரும்பாணியையோ கூட வைத்தனுப்பிய பாட்டிமாரை நம்மிற் பலர் அறிவோம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், நம்மவருடைய மனத்திற் பேய் என்பது முதன்மையாகப் பசித்திருக்கும் ஒரு ஜீவன் என்பது விளங்கும். அதுவும் பாயசத்தை நாடாமல் உப்பையும் உறைப்பையும் பொரியல் வாசனையையும் நாடுகின்ற, நாக்கு ருசி அறிந்த ஜீவன்!

இந்த எண்ணத்தைத் தமிழில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார். முதற் குலோத்துங்க சோழனுடைய தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கரை வென்ற போர்க்களத்திலே, நெடுநாட் பசியோடிருந்த பேய்கள் யானைக் கொம்பினாற் பல் விளக்கி, மாண்டவரின் பற்களையே அரிசியாகக் கொண்டு கூழ் அட்டு, குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கூட ஒன்றும் விடாமல் வார்த்து உண்ணும் காட்சியை, அருவருப்பும் நகைப்பும் ஒருங்கே தோன்ற அவர் விரித்திருக்கிறார். பேய்களின் விருந்துக்கு அவர் தேர்ந்தெடுத்த உணவு கூழ் என்பதைக் கவனிக்கவேண்டும்; பெருங்கூட்டம் ஒரே பானையிலிருந்து உண்பதற்கு அதனிலும் தக்கது வேறென்ன? எனவே ஹலோவீனுக்கு ஒடியற்கூழ் காய்ச்சுவதற்கு இலக்கியப் பிரமாணமும் நம்மிடம் உண்டு.

ஆடிப்பிறப்புக்குக் காய்ச்சும் இனிப்புக் கூழ் வேறு, இது வேறு. பனங்கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல்; தை, மாசியில் உலர்த்தி இடித்து வைத்த அந்த மா, வாடைக்காற்றெழுந்து படகுகள் ஓடாத மாரி நாட்களில் தீவாருக்குக் கைகொடுத்தது. ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளிலும் இப்போது அது கிடைக்கிறது.

ஆறேழு பேருக்குக் கால் கிலோ மா போதும். அதைத் தாராளமான நீரிற் கரைத்து வைத்து, மா அடியிற் படிந்ததும் மேலே தெளிந்த நீரை வடித்துவிடுக. இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தாற் கயர்ப்பு நீங்கும். பெரிய பானையில் ஏறக்குறைய மூன்று லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு கை அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள், பயற்றங்காய் ஆகியவற்றை முதலில் இட்டு, அவை பாதி வெந்ததும் மீன் தலையையும், உடைத்த நண்டையும், இறாலையும், கணவாயையும் சேர்க்கவேண்டும். பத்துப் பன்னிரண்டு செத்தல் மிளகாயை மஞ்சளோடு அரைத்து, எலுமிச்சையளவு பழப்புளியிற் கரைத்து உப்புடன் ஊற்றுக. குழந்தைகளுக்காயின் மிளகாயைப் பாதியாக்கலாம். கடைசியில் மாவைக் கட்டியின்றிக் கரைத்து வார்த்து, அடிப்பிடியாமல் துழாவிக்கொண்டே, பச்சை வாசம் அகன்று மா முற்றாக வெந்து தடிக்கும்வரை மெல்லிய நெருப்பில் வைத்து, முருங்கையிலையைத் தூவி இறக்குக. மா அரைவேக்காடாக நின்றுவிட்டால் வேறெந்தச் சுவையும் அதைக் காப்பாற்றாது.

பயங்கரத் தோற்றத்துக்குத் தனியாக அலங்காரம் வேண்டுவதில்லை. நண்டின் பெரிய கால்களை முழுதாக விட்டு, பரிமாறும்போது கோப்பையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு எதுவோ ஏறி வருவது போல வைத்தாற் போதும். கணவாயின் சுருண்ட கால்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பனையோலையிற் கோலிய பிளா கிடைக்குமாயின் அதிலேயே வார்க்கலாம்.

கடலுணவு ஒவ்வாத பிள்ளைகளுக்கு வைரவர் வடையைச் சிபார்சு செய்கிறேன். நாயை வாகனமாகவும் சூலத்தை ஆயுதமாகவும் உடைய அந்த உக்கிர மூர்த்திக்கு, யாழ்ப்பாணத்தார் நிவேதிப்பதும் உறைப்புப் பண்டமே. உளுந்தை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீர் மிகாமற் கெட்டியாக அரைத்து, இடித்த மிளகும் உப்பும் சேர்த்து, தட்டையாகத் தட்டி நடுவே துளையிட்டு, மொறுமொறுப்பாகப் பொரித்து நூலிற் கோத்தால் வடைமாலை. அதைக் கழுத்திலணிந்து செல்லும் சிறுவனுக்கு வேறு வேடமே தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பின், பேயைவிட அச்சந் தருவது எது என்று தீவகத்தின் பழங்கதை ஒன்று கூறுவதையும் சொல்லவேண்டும். அறிஞர் பலர் நயினாதீவென்று கொள்ளும் மணிபல்லவத்தில், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கையிலேந்திய ஆபுத்திரன், மரக்கலம் தன்னை விட்டுச் சென்றமையால் ஊட்டுதற்கு ஓருயிருமின்றித் தனித்து நின்று, தான் மட்டும் உண்ண மனமில்லாமற் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் துறந்தான் என்கிறது மணிமேகலை. மறுபிறப்பில் அரசனாய் அங்கு மீண்டவன், மணலைத் தோண்டித் தன் பழைய எலும்புகளைத் தானே கண்டான் என்றும் உரைக்கிறது. நாகபூஷணி அம்மன் கோயிலின் அன்னதான மண்டபம் இன்று அந்தப் பாத்திரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்தோர் பலர் திரும்பிவராத புங்குடுதீவிலும் வேலணையிலும், கூரை சரிந்த வீடுகளைப் பேய் வீடென்று வழிப்போக்கர் சுட்டும்போது, அங்கே இல்லாதது அடுப்பும் அதைச் சுற்றி அமர்ந்த மனிதருமே என்பதை ஆபுத்திரன் கதை அறிந்தவர் உடனே உணர்வர்.

ஆகையால் கனடா வாசகிக்கு ஒரேயொரு நிபந்தனை. ஒடியற்கூழை ஒருவருக்கென்று காய்ச்ச முடியாது; முயன்றாலும் ருசிக்காது. கதவைத் தட்டுகின்ற அயல்வீட்டுப் பிள்ளைகளோடு, வேடம் போடாமல் வாசலிற் காத்து நிற்கும் அவர்களுடைய பெற்றோரையும் உள்ளே அழைத்து, ஆளுக்கொரு கோப்பை வார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில்: புழுக்கொடியல்.