'டொக் டொக்' கீ-போர்டு வாங்கப் போறீங்களா? ரூ.3 ஆயிரத்தை எடுத்து கொடுக்கும் முன் கொஞ்சம் கவனிங்க!

திருவண்ணாமலை,

"அப்பா, மெக்கானிக்கல் கீ-போர்டு ஒண்ணு வேணும்ப்பா. டைப்பிங் வேகம் வரும், குரூப்-4 வேலைக்கு உதவும்."

பையன் இப்படித்தான் மெதுவாக ஆரம்பிப்பான். விலையை கேட்டதும் அப்பாவுக்கு தூக்கிவாரிப் போடும். ரூ.400, ரூ.500-க்கு கீ-போர்டு கிடைக்கும்போது ரூ.3 ஆயிரம் எதற்கு? கூலி வேலைக்கு போகிறவருக்கு அது சில நாள் சம்பளம் ஆச்சே! அதுவும் கலர் கலராக லைட் வேறு எரியுது. இது டைப் அடிக்கவா, கேம் ஆடவா?

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பையன் கேட்பதும் முழு டூப் இல்லை. விவரம் தெரிந்து வாங்கினால் அந்த காசு பல வருடம் உழைக்கும். தெரியாமல் வாங்கினால் லைட் மட்டும்தான் மிஞ்சும்.

பழைய சத்தம்

மெக்கானிக்கல் கீ-போர்டு என்றதும் புதுசாக ஏதோ வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் நின்றவர்களுக்கு அந்த 'டொக் டொக்' சத்தம் நன்றாக தெரியும். முதல் நாள் பாடமே 'ஏ.எஸ்.டி.எப்.ஜி.எப்.' என்று பக்கம் பக்கமாக அடிப்பதுதான். ரெமிங்டன், பேசிட், கோத்ரெஜ் மெஷின்களில் சுண்டு விரலால் 'ஏ' அடித்து விரல் வலித்தவர்கள் இன்று 40, 50 வயதை தாண்டியிருப்பார்கள்.

1955-ல் இந்தியாவில் டைப்ரைட்டர் தயாரிக்க ஆரம்பித்த கோத்ரெஜ் நிறுவனம், 2009-ம் ஆண்டோடு அதை நிறுத்திக் கொண்டது. மெஷின் போனாலும் அந்த சத்தம் போகவில்லை. ஜவுளிக்கடை பில் கவுண்ட்டர், ஜெராக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர் என்று பல இடங்களில் சத்தம் போடும் ஒரு கீ-போர்டை பார்த்திருப்பீர்கள். சென்னையை சேர்ந்த டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'டி.வி.எஸ். கோல்டு' அது. அதுவும் மெக்கானிக்கல் கீ-போர்டுதான்! பல வருடங்கள் ஜெர்மனி நாட்டு செர்ரி நிறுவனத்தின் நீல நிற சுவிட்சுகளோடு அது வந்தது. இன்று கேம் ஆடும் வாலிபர்கள் 'புளூ சுவிட்ச்' என்று தேடி அலைவதும் அதே சரக்கைத்தான். வேடிக்கை என்னவென்றால், மகன் ஆசைப்படும் கீ-போர்டின் அண்ணன்காரன் அப்பா துணி எடுத்த கடையிலேயே இருந்திருக்கிறான்.

இன்னொரு விஷயம். ரூபாய் குறியீடு 2010-ம் ஆண்டு ஜூலையில் அறிவிக்கப்பட்டதும், அது அச்சிட்ட கீ-போர்டுகளும் கடைக்கு வந்தன. அந்த குறியீட்டை வடிவமைத்த உதயகுமார் வேறு யாருமில்லை, நம்ம பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சிக்காரர்!

உள்ளே என்ன இருக்கு?

சாதாரண கீ-போர்டில் எல்லா பட்டனுக்கும் கீழே ஒரே ரப்பர் ஷீட்தான் இருக்கும். அழுத்தினால் ரப்பர் அமுங்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளில் கரண்ட் தொடர்பு ஏற்படும். பெரும்பாலும் பட்டனை அடி வரை அழுத்தினால்தான் எழுத்து விழும். நாளாக நாளாக ரப்பர் தளர்ந்து, அதிகம் அடிக்கும் எழுத்துகள் மக்கர் பண்ணும்.

மெக்கானிக்கலில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஸ்பிரிங். செர்ரி வகை சுவிட்சில் பட்டன் மொத்தம் 4 மில்லி மீட்டர் கீழே இறங்கும். ஆனால் சுமார் 2 மில்லி மீட்டர் இறங்கும்போதே எழுத்து விழுந்துவிடும். பழகிய கை அடி வரை குத்த வேண்டியதே இல்லை. நாள் முழுக்க டைப் அடித்து பக்க கணக்கில் கூலி வாங்கும் டி.டி.பி. தொழிலாளிக்கு இது பெரிய விஷயம். சாயங்காலம் விரல் நுனி எரிச்சல் கொஞ்சம் குறையும்.

ஆனால் டைப்ரைட்டரில் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மெஷின் பட்டனை ஓங்கி அடித்தே பழகியதால் கீ-போர்டையும் அப்படியே குத்துவார்கள். அந்த கை மாற சில வாரம் பிடிக்கும். மாறாவிட்டால் ரூ.3 ஆயிரம் கீ-போர்டிலும் விரல் வலிக்கத்தான் செய்யும்.

எந்த கலர்?

சுவிட்சுகளுக்கு கலரை வைத்து பெயர். நீலம் அழுத்தும்போது விரலுக்கு ஒரு தட்டு தெரியும், 'கிளிக்' என்று சத்தமும் வரும். பழுப்பில் தட்டு லேசாக தெரியும், கிளிக் சத்தம் கிடையாது. சிவப்பில் இரண்டும் இல்லை, வழுவழுவென்று இறங்கும், லேசாக தொட்டாலே போதும்.

டைப்ரைட்டிங் கற்றவர்களுக்கு நீலம் உடனே பிடித்துவிடும். எழுத்து விழுந்தது காதுக்கே தெரியுமே! கேம் ஆடுபவர்கள் ஒரே பட்டனை படபடவென்று தட்ட வேண்டியிருப்பதால் சிவப்பு கேட்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பழுப்பு தோதுப்படும்.

இதை தீர்மானிக்க வேண்டியது பையனின் விரல் மட்டுமல்ல, வீடும்தான். ஒற்றை ரூம் வீட்டில் அம்மா விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பூக்கட்ட போக வேண்டும். ராத்திரி 11 மணிக்கு பக்கத்தில் நீல சுவிட்ச் 'டொக் டொக்' என்றால் யாருக்கு தூக்கம் வரும்? அந்த வீட்டில் கீ-போர்டு ஒரு வாரத்தில் பரணுக்கு ஏறிவிடும். சுவர் ஒட்டிய வாடகை வீடு என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் கதவை தட்டுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு சிவப்பு அல்லது பழுப்புதான் லாயக்கு.

செர்ரி அசல் சுவிட்ச் போட்டது விலை ஏறும். அதன் காப்புரிமை காலம் முடிந்த பிறகு கேட்ரான், கெயில், அவுட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே மாதிரி செய்து விற்கின்றன. அதனால்தான் ரூ.2 ஆயிரத்தை ஒட்டியே இப்போது மெக்கானிக்கல் கிடைக்கிறது. இவை மட்டம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டு உபயோகத்துக்கு தாராளமாக போதும்.

ஏமாற வேண்டாம்

மக்கள் அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியில் 'மெக்கானிக்கல் பீல்', 'செமி மெக்கானிக்கல்' என்று போட்டிருக்கும். லைட்டும் ஜொலிக்கும். உள்ளே இருப்பதோ அதே ரப்பர் ஷீட்! ரூ.500 சரக்குக்கு லைட் மாட்டி ரூ.1,200 வாங்கிவிடுவார்கள். கார்த்திகை தீபம் மாதிரி எரிந்தாலும் லைட்டால் டைப்பிங் வேகம் ஒரு எழுத்து கூட ஏறாது.

கண்டுபிடிப்பது சுலபம். கடையில் கேட்டு ஒரு பட்டன் மூடியை கழற்றி பாருங்கள். அடியில் கூட்டல் குறி மாதிரி காம்பும், அதை சுற்றி சின்ன சதுர பெட்டியும் இருந்தால் மெக்கானிக்கல். காம்பின் கலர்தான் சுவிட்சின் கலர். ஆன்லைனில் வாங்கினால் சுவிட்ச் பெயர் தெளிவாக போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போடவில்லை என்றால் அந்த பக்கமே போகாதீர்கள்.

கேம் ஆடுபவர்களுக்கு இன்னொரு சோதனை. இரண்டு பக்க 'ஷிப்ட்' பட்டனையும் ஒருசேர அழுத்தி பிடித்துக்கொண்டு, இன்னொருவரை விட்டு 'ஏ' முதல் 'இசட்' வரை அடிக்க சொல்லுங்கள். மலிவான கீ-போர்டுகளில் நடுவில் சில எழுத்து காணாமல் போகும். ஒரே நேரத்தில் பல பட்டன் அழுத்தினால் குழம்பும் கோளாறு இது. ஓடிக்கொண்டே குதித்து சுட வேண்டிய ஆட்டத்தில் இப்படி ஒரு பட்டன் விழாவிட்டால் ஆள் காலி. டைப் அடிப்பவர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை.

காந்த சுவிட்ச் என்று ரூ.5 ஆயிரத்துக்கு மேல் போகும் ரகமும் உண்டு. எதிரெதிர் பட்டன்களை கீ-போர்டே கணித்து மாற்றிக்கொடுக்கும் வசதி அவற்றில் சிலவற்றில் இருக்கிறது. அந்த வசதியை 2024 ஆகஸ்டில் 'கவுன்ட்டர் ஸ்டிரைக் 2' கேமின் அதிகாரப்பூர்வ சர்வர்களில் தடை செய்துவிட்டார்கள். அதற்காக தனி காசு கொடுப்பது வீண். பையன் ஆடுவது செல்போன் கேம் மட்டும்தான் என்றால் எந்த கீ-போர்டும் வேண்டாம், பேச்சை அங்கேயே முடித்துக் கொள்ளலாம்.

கணக்கு வேலைக்கு போகிறவர்கள் அளவையும் பார்க்க வேண்டும். டேலி போடுபவருக்கு வலது பக்க எண் பட்டன்கள் கட்டாயம் வேண்டும். பணம் கொடுத்ததற்கு எப்-5, விற்பனைக்கு எப்-8 என்று மேல் வரிசையும் வேண்டும். அழகாக இருக்கிறதென்று குட்டி கீ-போர்டை வாங்கினால் இந்த இரண்டும் இருக்காது.

தமிழுக்கு தனியா வேணுமா?

வேண்டாம். தமிழ் எழுத்து அச்சிட்ட கீ-போர்டுதான் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் உண்டு. எழுத்தை தீர்மானிப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாப்ட்வேர்தான், மேலே இருக்கும் அச்சு அல்ல. 1999-ல் தமிழக அரசு அறிவித்த 'தமிழ்-99' முறை விண்டோஸ் 10, 11-ல் செட்டிங்சிலேயே இருக்கிறது. பழைய டைப்ரைட்டர் முறையில் பழகியவர்கள் என்.எச்.எம். ரைட்டர் போன்ற இலவச சாப்ட்வேரை போட்டுக் கொள்ளலாம். பார்த்து அடிப்பவர்களுக்கு ஸ்டிக்கர் போதும்.

தமிழ்-99-ல் உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என 4 தட்டு போதும். நடுவில் புள்ளி தானாக விழுந்துவிடும். 'எப்', 'ஜே' பட்டன்களில் சின்ன மேடு இருக்கும் அல்லவா? அதில் ஆள்காட்டி விரலை வைத்தால் இடது பக்கம் புள்ளி, வலது பக்கம் 'ப'. குனிந்து பார்க்காமலே அடிக்கலாம். மூடி கழன்று வரும் மெக்கானிக்கலில் இந்த மேடு உள்ள மூடிகளை இடம் மாற்றி மாட்டிவிடக் கூடாது. மாட்டினால் விரல் தடுமாறும்.

சரி, குரூப்-4 விஷயத்துக்கு வருவோம். அந்த தேர்வு ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் எழுதுவது. அதற்கு கீ-போர்டு தேவையே இல்லை! ஆனால் அதில் வரும் தட்டச்சர் வேலைக்கு தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் தட்டச்சு சான்றிதழ் வேண்டும். இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலை, மற்றதில் இளநிலை தேறியிருக்க வேண்டும். அதற்கு இன்ஸ்டிடியூட்டில் முறையாக சேர்ந்து, அங்கே தரும் மெஷினில் பழகுவதுதான் வழி. ரூ.3 ஆயிரம்தான் கையில் இருக்கிறது என்றால் முதலில் இன்ஸ்டிடியூட் பீசை கட்டிவிட்டு, வீட்டு பயிற்சிக்கு ரூ.500 ரப்பர் கீ-போர்டே போதும். சான்றிதழ் வாங்கி டைப்பிங் வேலைக்கு போன பிறகு முதல் மாத சம்பளத்தில் மெக்கானிக்கல் வாங்கினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

டீ கொட்டினால்?

கடைசியாக பராமரிப்பு. நம்ம ஊர் தூசிக்கு மாதம் ஒருமுறை மூடிகளை கழற்றி பழைய பெயிண்ட் பிரஷ்சால் தட்ட வேண்டும். தண்ணீரில் முக்கக் கூடாது. பால் டீ கொட்டினால் சர்க்கரை பிசுபிசுப்பில் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும். உடனே ஒயரை பிடுங்கி, கவிழ்த்து வைத்து, நன்றாக காய்ந்த பிறகே மாட்ட வேண்டும்.

ஒரு சுவிட்ச் கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. 'ஹாட்-ஸ்வாப்' என்று போட்ட கீ-போர்டில் அந்த ஒரு சுவிட்சை மட்டும் பிடுங்கி வேறு மாட்டலாம். மற்றவற்றில் செல்போன் ரிப்பேர் கடையில் சால்டரிங் வைத்து மாற்றித் தருவார்கள். வாங்கும்போது பில்லில் மாடல் பெயரும், வாரண்டி எத்தனை மாதம் என்பதும் எழுதி, கடை சீல் வைத்து வாங்கிக் கொள்ளுங்கள்.