கரிப்பெட்டியும் வெயில் வண்டியும்

செங்கம் தெருக்களில் இஸ்திரி வண்டிக்காரரைக் கவனித்திருக்கிறீர்களா? பெட்டியைத் தூக்கி இப்படியும் அப்படியும் வீசுவார். எதற்கு? உள்ளே கரி கனன்று எரியக் காற்று வேண்டுமே! பெட்டியின் பக்கங்களில் ஓட்டைகள் இருப்பதும் அதற்காகத்தான்.

கரி என்பது பெரும்பாலும் கார்பன். அது ஆக்சிஜனோடு சேர்ந்து எரியும்போது சூடு வரும். கூடவே கார்பன் டை ஆக்சைடும், நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் வரும். பெட்டிமேல் குனிந்து நிற்பவருக்கு மூக்கருகிலேயே புகை!

பக்கத்துத் திருவண்ணாமலையில் வினிஷா உமாசங்கர் என்ற சிறுமி இதைப் பார்த்தபோது அவருக்கு வயது 12. எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதையும் கண்டார். கரிக்குப் பதில் வெயிலை வைத்துத் தேய்த்தால் என்ன என்று யோசித்து, கூரையில் சூரியத் தகடுகள் பொருத்திய வண்டியை வடிவமைத்தார். 2020இல் சுவீடன் நாட்டின் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் பேசினார்.

சாயங்காலம் வெயில் போன பிறகு என்ன செய்வது? அதற்குத்தான் பேட்டரி. குழாயில் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்து, வேண்டும்போது மொண்டு ஊற்றுகிறோம் அல்லவா? சூரியத் தகடு தரும் மின்சாரத்துக்குப் பேட்டரி செய்வதும் அதே வேலைதான். ஐந்து மணி நேர நல்ல வெயில் இருந்தால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது வினிஷாவின் கணக்கு.

ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலும் இப்படி ஒருவர் உண்டு. 2002இல் அங்கே கடும் பஞ்சம். கட்டணம் கட்ட முடியாமல் பள்ளியை விட்ட வில்லியம் கம்குவாம்பா என்ற 14 வயதுச் சிறுவர் நூலகத்துக்குப் போய்ப் படித்தார். பழைய சைக்கிள், டிராக்டர் விசிறி, மரக்கம்பு எல்லாம் சேர்த்துக் காற்றாலை கட்டினார். சைக்கிள் டைனமோ சுழன்றது. வீட்டில் விளக்கு எரிந்தது.

வினிஷாவுக்கு வெயில், வில்லியமுக்குக் காற்று. இரண்டுமே ஊரில் சும்மா கிடைப்பவை!

இப்போது உங்கள் முறை. வீட்டில் அம்மாவோ அப்பாவோ மின்சாரப் பெட்டியில் துணி தேய்க்கும்போது, தள்ளி நின்று அதன் சின்ன விளக்கைப் பாருங்கள். அணையும், மறுபடி எரியும். போதிய சூடு ஏறியதும் பெட்டி தானே மின்சாரத்தை நிறுத்திக்கொள்கிறது. பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் விளக்கு எரிந்தது? எழுதி வையுங்கள். வெயில் வண்டிக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.