பிளஸ் ஒன் குரூப்: குவாண்ட் வேலைக்கான வழி எங்கே அடைபடுகிறது?

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாளிலிருந்து பள்ளி அலுவலக வாசல்களில் இந்தப் பேச்சைக் கேட்கலாம்: “பையனுக்கு ஷேர் மார்க்கெட், ஃபைனான்ஸ்னா ரொம்ப ஆசை. அப்ப காமர்ஸ் குரூப்தானே எடுக்கணும்?” ஆடிட்டர் ஆக வேண்டும், வரி ஆலோசகர் ஆக வேண்டும் என்றால் அது சரியான முடிவு. ஆனால் இப்போது பல பிள்ளைகள் சொல்லும் ஆசை வேறு. யூடியூபில் பார்த்துவிட்டு ‘குவாண்ட்’ ஆகப் போகிறேன் என்கிறார்கள். கணிதம் இல்லாத வணிகவியல் குரூப்பில் சேர்ந்தால் அந்த வேலைக்கான வழி பதினைந்து வயதிலேயே பெரும்பாலும் அடைபட்டுவிடும். அதைச் சேர்க்கை நாளில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

குவாண்ட் என்பவர் யார்? பங்கு, கடன் பத்திரம், நாணயம், அவற்றை ஒட்டிய ஆப்ஷன், ஃபியூச்சர் ஒப்பந்தங்கள் ஆகியவற்றுக்கு என்ன விலை நியாயம், நிலைமை கெட்டால் எவ்வளவு இழப்பு வரும் என்பதைக் கணித மாதிரியாகக் கட்டி, நிரலாக எழுதி, பழைய தரவில் சோதித்துப் பார்ப்பவர். கணக்குப்பதிவியலுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. இந்தத் துறைக்கு அடித்தளம் போட்ட பிளாக்–ஷோல்ஸ் சூத்திரம் 1973-ல் வெளிவந்தது. அதன் உள்ளே இருப்பது ஒரு பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதை விளக்க இயற்பியலில் எழுதும் சமன்பாட்டின் நெருங்கிய உறவு அது. இந்தச் சூத்திரப் பணிக்காக மைரன் ஷோல்ஸுக்கும் ராபர்ட் மெர்ட்டனுக்கும் 1997-ல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஃபிஷர் பிளாக் 1995-லேயே இறந்துவிட்டார். ரெனசான்ஸ் டெக்னாலஜிஸ் என்ற குவாண்ட் முதலீட்டு நிறுவனத்தைக் கட்டிய ஜிம் சைமன்ஸ் வடிவியல் பேராசிரியராக இருந்தவர். கணித, இயற்பியல் ஆய்வாளர்களைத்தான் அவர் தேடித் தேடிச் சேர்த்தார்.

உதாரணத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. 1940-ல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்ற எஸ்.ஆர்.எஸ். வரதன் 2007-ல் ஏபெல் பரிசு வாங்கினார். மிக அரிதாக நடக்கும் நிகழ்ச்சிகளின் நிகழ்தகவைக் கணிக்கும் அவருடைய கோட்பாடு காப்பீட்டிலும் நிதி இடர் கணிப்பிலும் பயன்படுகிறது. அவர் படித்த அதே வகைப் பாடங்களைத்தான் இன்றைய குவாண்ட் நேர்காணல்களிலும் கேட்கிறார்கள்.

பள்ளிப் பாடநூலைத் திறந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தமிழ்நாடு பிளஸ் டூ கணிதத்தில் அணிகள், வகையீடுகளும் பகுதி வகைக்கெழுக்களும், சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள், நிகழ்தகவுப் பரவல்கள் என்று தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. பங்கு விலை ஒரு ரூபாய் நகர்ந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு நகரும் என்பதைச் சந்தையில் ‘டெல்டா’ என்பார்கள். அது ஒரு பகுதி வகைக்கெழு, அவ்வளவுதான். “இதெல்லாம் எங்கே உதவப் போகுது?” என்று கேட்டபடி மனப்பாடம் செய்யும் அத்தியாயம்தான் அந்த வேலையின் அன்றாடம்.

வணிகக் கணிதத்தை ஏளனமாகப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘வணிகக் கணிதமும் புள்ளியியலும்’ பாடத்தில் மாதிரி எடுத்தல், கருதுகோள் சோதனை, குறியீட்டெண்கள், காலத்தொடர் வரிசை எல்லாம் இருக்கின்றன. முதல் குரூப் கணிதத்தில் இவை கிடையாது. தரவோடு பழகுவதற்கு இது நல்ல அறிமுகம், சந்தேகமில்லை. சிக்கல் பாடத்தில் இல்லை, அடுத்த வாசலில்தான். பொறியியல் சேர்க்கையின் 200 மதிப்பெண் கட் ஆஃபில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கும் இந்த மூன்று பாடங்களும் வேண்டும். ‘கணிதம் படித்திருக்க வேண்டும்’ என்று ஒரு கல்லூரி கேட்டால், அதில் வணிகக் கணிதமும் அடங்குமா என்பது இடத்துக்கு இடம் மாறும். குறி வைத்திருக்கும் கல்லூரியின் தகவல் கையேட்டைப் பிளஸ் ஒன்னில் சேரும் முன்பே படியுங்கள். தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தொலைபேசியில் யாரோ சொன்ன “எடுத்துக்குவாங்க சார்” பிறகு எந்த மேசையிலும் செல்லாது.

ஆகவே என் பரிந்துரை: இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல் உள்ள குரூப். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்திலேயே பைத்தானும் எஸ்.க்யூ.எல்.லும் இருக்கின்றன, குவாண்ட் வேலையில் அன்றாடம் கையில் எடுப்பவை இவையே. நிரலைப் பிழையின்றி எழுதுவதும் சோதிப்பதும் இங்கே சின்ன விஷயமல்ல. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம், சரியாக நிறுவப்படாத மென்பொருளால் முக்கால் மணி நேரத்தில் சுமார் 44 கோடி டாலர் இழந்தது. பயோ–மேத்ஸ் குரூப்தான் கிடைத்தது என்றாலும் கவலை வேண்டாம். கணிதம் கையில் இருக்கிறது, பைத்தானை வீட்டில் கற்றுக்கொள்ளலாம். கணிதமே இல்லாத தூய அறிவியல் குரூப்பைத் தவிர்த்துவிடுங்கள். பொருளியலும் வணிகவியலும் பிறகு படித்துக்கொள்ளக்கூடியவை. வகை நுண்கணிதத்தை இருபத்திரண்டு வயதில் புதிதாகத் தொடங்குவது அவ்வளவு எளிதல்ல.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்குப் பொறி பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. கணிதத்தில் ‘பேசிக்’, ‘ஸ்டாண்டர்டு’ என இரு தாள்கள். மதிப்பெண் எளிதாக வரும் என்று பேசிக் எடுக்கத் தோன்றும். கணிதம் தொடரும் எண்ணம் இருந்தால் ஸ்டாண்டர்டே பாதுகாப்பு. பதினொன்றில் 041 என்ற குறியீடுள்ள கணிதமும், 241 என்ற பயன்பாட்டுக் கணிதமும் உண்டு. வணிகவியல், சமூக அறிவியல் மாணவர்களை மனதில் வைத்து வடிவமைத்தது இரண்டாவது. வணிகவியலோடு 041-ஐயும் தரும் பள்ளிகள் இருக்கின்றன. காமர்ஸ் மேல் உண்மையிலேயே ஆசை உள்ள பிள்ளைக்கு அது நல்ல நடுவழி.

பள்ளிக்குப் பிறகு எங்கே? ஐ.ஐ.டி. ஒன்றுதான் வழி என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேரோடியிருக்கிறது. கொல்கத்தாவில் பி.ஸ்டாட், பெங்களூருவில் பி.மேத் நடத்தும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் பிளஸ் டூவில் கேட்பது கணிதமும் ஆங்கிலமும்தான். இந்த இரு படிப்புகளுக்கும் கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்த மரபு அதற்கு உண்டு; சேரும் ஆண்டின் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில், சி.எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னை கணிதவியல் நிறுவனம் கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ் நடத்துகிறது. இரண்டின் நுழைவுத் தேர்விலும் விடையைக் குறித்துவிட்டால் மட்டும் போதாது, ஏன் அப்படி என்று எழுதிக் காட்ட வேண்டும். தேர்வு ஆங்கிலத்தில். தமிழ்வழிப் பிள்ளைகள் அரசு இலவசமாக இணையத்தில் வைத்திருக்கும் ஆங்கிலவழிக் கணிதப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கலைச்சொற்கள் பழகிவிடும். ஊர்ப்பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ புள்ளியியலோ படித்து, ‘ஜாம்’ தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேர்வதும் நேர்மையான, செலவு குறைந்த பாதை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதையும் மறக்க வேண்டாம்.

இனி, விளம்பரங்கள் மறைக்கும் பக்கம். பெரிய சம்பளம் தரும் வர்த்தக நிறுவனங்களில் இடங்கள் மிகக் குறைவு. எடுக்கிறவர்களும் பெரும்பாலும் ஒரு சில கல்லூரி வளாகங்களுக்கே போகிறார்கள். வங்கிகளின் இடர் மதிப்பீட்டுப் பிரிவு, மாதிரிச் சரிபார்ப்பு, காப்பீட்டு ஆக்சுவரி, தரவு அறிவியல் இவையெல்லாம் அதே படிப்பில் கிடைக்கும் பக்கத்து வேலைகள். எண்ணிக்கையிலும் அதிகம். கணிதத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் சொல்லும் முதல் காரணமே இதுதான்: குவாண்ட் கனவு கைகூடாமல் போனாலும் படிப்பு வீணாகாது.

‘ஆறு மாதத்தில் குவாண்ட்’, ‘அல்கோ டிரேடிங் கற்று வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற வகுப்புகளுக்கு இந்தச் சமாதானம் கிடையாது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகவும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் சொன்னது. எதிர்ப்பக்கத்தில், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதம் அல்கோ, அதாவது தானாக வாங்கி விற்கும் நிரல்கள், மூலம் வந்தது. அந்த அல்கோக்களை எழுதுகிறவர்கள்தான் குவாண்டுகள். அவர்களுக்கு எதிராக ஒரு பிளஸ் டூ மாணவன் அப்பாவின் கணக்கில் விளையாடுவதை யார் வேண்டுமானாலும் ‘பயிற்சி’ என்று விற்க முடிகிறது என்பதே வேதனை. 18 வயது நிரம்பாதவர் பெயரில் உள்ள டீமேட் கணக்கில் ஃபியூச்சர், ஆப்ஷன் செய்ய முடியாது. பாடம் மட்டுமே நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு கடைசி மூன்று மாத விலைகளை வைத்துப் பங்குகளைப் பற்றிப் பேசினால், ‘கல்வி மட்டும்’ என்ற போர்வை செல்லாது என்று செபி 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. குறிப்பிட்ட பங்கை வாங்கு, விற்று விடு என்று சொல்கிறவரிடம் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபியின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575. பதிவு பெற்றவர்மீது புகார் என்றால் ‘ஸ்கோர்ஸ்’ தளம் இருக்கிறது.

வகுப்பில் சேர்ந்து ஏமாந்தவர்களுக்குச் சட்டம் கைகொடுக்கிறது. பயிற்சி மையங்களின் தவறான விளம்பரங்களைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் கொண்டுவந்தது. வேலை உறுதி, தேர்ச்சி உறுதி என்று பொய்யாக வாக்களிக்கக் கூடாது. வெற்றி பெற்றவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர் படத்தைப் போடக் கூடாது. அவர் எந்தப் படிப்பில் சேர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். பல மையங்கள் கட்டணத்தை ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொல்லிப் பெற்றோர் பெயரில் கடனாக மாற்றிவிடும். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. டிஜிட்டல் கடனில் வட்டி, கட்டணங்களைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தருவதும், அபராதமின்றி விலகச் சிறு கால அவகாசம் தருவதும் ரிசர்வ் வங்கி விதிப்படி கட்டாயம். மீறினால் 14448-ல் வங்கிக் குறைதீர்ப்பாளர் அமைப்பை அணுகலாம்.

கல்லூரிக்கு வழி வேறு. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கைத் தரவில்லை. ஆகவே கல்லூரியில் சேர்ந்து, வேறு நல்ல இடம் கிடைத்து விலகுகிறவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பைக் காட்ட வேண்டும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால், சிறு நடைமுறைச் செலவு போக முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். பிறகு அது 90, 80, 50 சதவீதம் என்று குறையும். கடைசி நாளிலிருந்து 30 நாள் கடந்தால் எதுவும் கிடையாது. அசல் சான்றிதழ்களைப் பிடித்துவைக்கும் உரிமை கல்லூரிக்கு இல்லை.

பள்ளியே கணித குரூப்பை மறுத்தால்? “மார்க் பத்தாது, காமர்ஸ் எடுத்துக்கோ” என்று அனுப்பிவைப்பது வாடிக்கை. ஒவ்வொரு பள்ளியிலும் கேட்ட குரூப்பைக் கட்டாயம் தர வேண்டும் என்று சட்டம் இல்லை, இடங்களும் அளவானவை. ஆனாலும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுக்கலாம், பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம். கணித இடம் காலியாக உள்ள பக்கத்து அரசுப் பள்ளிக்கு மாற டிசி கேட்டால், கட்டணப் பாக்கியைக் காட்டி மறுக்கப் பார்க்கலாம். டிசி கட்டண வசூலுக்கான கருவியல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது; அந்த உத்தரவின் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்த முதல் சில வாரங்களில் குரூப் மாற்றுவது எளிது, காலாண்டுத் தேர்வு வரை காத்திருக்காதீர்கள்.

கணிதம் இல்லாமல் பிளஸ் டூவே முடித்துவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ கணிதத்தை மட்டும் தனிப் பாடமாக எழுதலாம். அதைச் சேரவிருக்கும் கல்லூரி ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றொன்று, சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் பி.எஸ். தரவு அறிவியல். பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் இருந்தால் விண்ணப்பிக்கலாம். சில வாரப் பாடங்களை நடத்தி, அதிலிருந்தே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். கணிதத்தையும் புள்ளியியலையும் முதல் கட்டத்திலேயே தொடங்குகிறார்கள். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு.