இலைகள் நிறம் மாறும் காலம்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் சிங்கப்பூரில் பெரும்பாலான மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாகவே காணப்படுகின்றன. ஜப்பானிலோ இளவேனில், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என நான்கு பருவங்கள் உண்டு. இலையுதிர்காலத்தில் அங்குள்ள பல மரங்களின் இலைகள் மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாறிப் பின்னர் உதிர்கின்றன. இக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் பூங்காக்களுக்கும் மலைகளுக்கும் செல்கின்றனர். ஜப்பானியர் இவ்வழக்கத்தை 'மொமிஜிகாரி' என்று அழைப்பர். 'செவ்விலை வேட்டை' என்பது அதன் பொருள். வேட்டை என்னும் சொல் பொருத்தமானதே. இக்காட்சி எல்லா நாளும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. காலமும் இடமும் அறிந்து செல்பவர்களே இதனை முழுமையாகக் கண்டு மகிழ முடியும்.

இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன? இலையின் பச்சை நிறத்திற்குக் காரணம் பச்சையம் என்னும் நிறமி. சூரிய ஒளியைக் கொண்டு மரத்திற்குத் தேவையான உணவைத் தயாரிக்க அது உதவுகிறது. இலையுதிர்காலத்தில் பகல்பொழுது குறைந்து குளிர் கூடும்போது, மரம் குளிர்காலத்திற்குத் தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. இலையில் உள்ள பச்சையத்தைச் சிதைத்து, பயன்படும் சத்துகளைக் கிளைகளுக்கும் தண்டுக்கும் எடுத்துக்கொள்கிறது. பச்சை நிறம் மறையும்போது, அதுவரை இலையில் மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரிகிறது. கிங்கோ மரம் பொன்னிறமாக மாறுவது இவ்வாறுதான்.

சிவப்பு நிறம் உருவாகும் முறை வேறு. மேப்பிள் போன்ற மரங்களில், இலைக்காம்பின் அடியில் ஒரு தடுப்பு மெல்ல மெல்ல உருவாகிறது. அதனால், இலையில் உற்பத்தியான சர்க்கரையின் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அச்சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் என்னும் சிவப்பு நிறமி புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் சிவப்பு நிறம் பளிச்செனத் தோன்றும். வானம் தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தாலோ இரவுகள் வெப்பமாக இருந்தாலோ நிறம் மங்கலாகவே இருக்கும். எனவே, ஒரே பூங்காவிலும் காட்சி ஆண்டுக்கு ஆண்டு வேறுபடும்.

குளிர் முதலில் எங்கு வருகிறதோ, அங்குதான் இலைகளும் முதலில் நிறம் மாறும். ஜப்பானில் இம்மாற்றம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கியும், மலையிலிருந்து சமவெளி நோக்கியும் நகர்கிறது. வடக்கே ஹொக்கைடோ தீவின் உயர்ந்த மலைகளில் செப்டம்பர் மாதத்திலேயே இலைகள் சிவக்கத் தொடங்கிவிடும். தோக்கியோவுக்கு வடக்கே நிக்கோ என்னும் ஊர் இருக்கிறது. அங்கு ஏறத்தாழ 1,270 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூசென்ஜி ஏரியைச் சுற்றி அக்டோபர் பிற்பகுதியில் வண்ணம் நிறைந்திருக்கும். கீழே கோயில்கள் இருக்கும் பகுதிக்கு அது வந்துசேர நவம்பர் ஆகிவிடும். ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் வெப்பநிலை ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறைவதே இதற்குக் காரணம்.

தோக்கியோ நகரப் பூங்காக்களில் நவம்பர் இறுதியும் டிசம்பர் தொடக்கமும் பொதுவாக ஏற்ற காலமாகும். சிங்கப்பூரின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. நகர நடுவில் இருக்கும் ஷின்ஜுகு கியோயென் 58 ஹெக்டர் பரப்புடையது. அரச குடும்பத்திற்கு உரியதாக இருந்த அப்பூங்கா, 1949ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அங்கு மேப்பிள் மரங்கள் நிறைந்த சிறு குன்று ஒன்று உண்டு. 1702ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட ரிக்குகியென் தோட்டத்தில், குளத்தைச் சுற்றியுள்ள மரங்களின் வண்ணம் நீரிலும் பிரதிபலிக்கும். நகருக்கு மேற்கே இருக்கும் ஷோவா நினைவுப் பூங்காவிலோ, கால்வாயின் இருபுறமும் நிற்கும் கிங்கோ மரங்கள் நவம்பர் முற்பகுதியிலேயே மஞ்சளாகத் தொடங்கிவிடும். விடுமுறையின் முதல் வாரத்தில் செல்வோரும் இரண்டு வாரம் கழித்துச் செல்வோரும் ஒரே பூங்காவைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

நாளைப் போலவே நேரமும் முக்கியம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்வாக இருக்கும். அப்போது மரத்தின் அடியில் நின்று, வெயில் வரும் திசையை நோக்கி அண்ணாந்து பார்த்தால் ஒளி இலைகளை ஊடுருவி வருவதைக் காணலாம். காற்றில்லாத வேளையில் குளக்கரைக்குச் செல்வது சிறப்பு. இலைகள் உதிரத் தொடங்கிவிட்டால் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. கிங்கோ இலைகள் மஞ்சள் கம்பளம் விரித்தாற்போல் தரையில் பரவிக் கிடப்பதும் தனி அழகுதான்.

எனினும், இக்காலக் கணக்கு நிலையானதன்று. ஜப்பானிய வானிலை ஆய்வகம் நாட்டின் பல இடங்களில் குறிப்பிட்ட சில மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவை நிறம் மாறும் நாளை 1953ஆம் ஆண்டிலிருந்து பதிவு செய்து வருகிறது. அப்பதிவுகளின்படி, மேப்பிள் இலைகள் சிவக்கும் நாள் அன்று இருந்ததைவிட இப்போது சராசரியாக இரண்டு வாரங்களுக்கும் மேல் தள்ளிப்போயிருக்கிறது. புவி வெப்பமடைவதும், கட்டடங்களும் சாலைகளும் நிறைந்த நகரங்கள் வெப்பத்தைத் தேக்கி வைப்பதும் இதற்குக் காரணங்களாகும். தாத்தா பாட்டி செவ்விலை கண்ட அதே தேதியில் இன்று பேரப்பிள்ளைகள் சென்றால், பச்சை இலைகளையே காண நேரிடலாம். அதனால், பயணம் செய்வோர் பழைய தேதிகளை மட்டும் நம்பாமல், அந்தந்த ஆண்டில் வெளியிடப்படும் முன்னறிவிப்புகளைப் பார்ப்பது நல்லது.

இலைகளின் நிறமாற்றத்தைக் காண வெளிநாட்டுக்குத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர், மலேசியக் கடற்கரைகளிலும் பூங்காக்களிலும் காணப்படும் நாட்டு வாதுமை மரத்தை மலாய் மொழியில் 'கெத்தாப்பாங்' என்பர். அதன் அகன்ற இலைகளும் உதிர்வதற்கு முன் சிவந்துவிடும். வீட்டருகே அம்மரம் இருந்தால், அது சிவக்கும் நாளை மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறித்து வைக்கலாம். ஜப்பானில் பருவம் தள்ளிப்போவதை உலகுக்குக் காட்டியது, ஒரே மரத்தைப் பல ஆண்டுகள் பொறுமையாகக் கவனித்து எழுதி வைத்த அத்தகைய பழக்கமே.